சர்க்கரை கூடினால் கல்லீரல் செல்லுக்குள் என்ன நடக்கிறது? ஆன்ட்டிஆக்சிடன்ட் மாத்திரை உதவுமா?

மலைத்தேன் எழுதியது:

வணக்கம். என் அண்ணனுக்கு வயது 58. பல ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 9.2 என்று வந்தது. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 52, எஸ்.ஜி.ஓ.டி. 44. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2 என்று எழுதியிருக்கிறார்கள். மது அவர் தொட்டதே இல்லை.

"கொழுப்புக் கல்லீரல் இன்று யாருக்குத்தான் இல்லை, விடுங்கள்" என்கிறார் ஓர் உறவினர். இன்னொருவரோ, "சர்க்கரையால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடிவிட்டது, அது கல்லீரல் செல்களைக் கொல்கிறது, உடனே ஆன்ட்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிக் கொடுங்கள்" என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நின்று குழம்புகிறேன். கல்லீரலைக் கெடுப்பது சர்க்கரையா, கொழுப்பா? ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது உண்மையில் நடக்கும் ஒன்றா, மாத்திரை விற்பதற்கான பேச்சா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

நுண்நோக்கி எழுதியது:

சகோதரி, ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்மைதான். ஆனால் அது உண்மை என்பதாலேயே மாத்திரை வேலை செய்யும் என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புவதால்தான் பலர் பணத்தையும், அதைவிட முக்கியமாகக் காலத்தையும் இழக்கிறார்கள். நான் உயிர்வேதியியல் கற்பிப்பவன். செல்லுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன். சிகிச்சை பற்றி மருத்துவர்கள் பேசட்டும்.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். கல்லீரல் செல் அப்படியல்ல. அதன் சுவரில் குளூட்-2 என்ற கடத்திப் புரதம் எப்போதும் திறந்தே இருக்கிறது. இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு செல்லுக்குள்ளும் வந்துவிடும். உள்ளே வந்ததைப் பிடித்து வைக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதியும் சர்க்கரை ஏற ஏற இன்னும் வேகமாக வேலை செய்யும் இயல்புடையது. ஆக, சர்க்கரை கூடியிருக்கும்போது கல்லீரல் செல்லால் "போதும்" என்று கதவைச் சாத்த முடியாது.

வந்த குளுக்கோஸில் ஒரு பகுதி கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும். ஒரு பகுதி சிதைந்து, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும். அங்கே எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து தண்ணீராக வேண்டும். ஒரு குறுகிய பாலத்தில் வண்டிகள் அளவுக்கு மீறி வந்தால் நடுவில் நெரிசல் ஏற்பட்டுச் சில வண்டிகள் ஓரத்தில் சரிவதைப்போல, எரிபொருள் மிகுந்து, ஆனால் அந்த அளவுக்கு ஆற்றல் தேவை இல்லாதபோது, எலக்ட்ரான்கள் இடையிலேயே தேங்குகின்றன. தேங்கியவற்றில் சில நேரே ஆக்சிஜன் மேல் பாய்கின்றன. ஒற்றை எலக்ட்ரானை மட்டும் வாங்கிக்கொண்ட ஆக்சிஜனுக்குத்தான் சூப்பர்ஆக்சைடு என்று பெயர்.

இதை அடக்க செல்லுக்குச் சொந்த ஏற்பாடு உண்டு. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும்; கேட்டலேஸ் நொதியும் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறும் அதைத் தண்ணீராக்கும். உற்பத்தி இந்த அடக்கும் திறனைத் தாண்டும்போதுதான் சிக்கல். அந்த நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். தப்பிய பெராக்சைடு அங்கே கட்டற்றுக் கிடக்கும் இரும்பு அயனியைச் சந்தித்தால், எதனுடனும் உடனே வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. அதற்கு எதிரி, நண்பன் என்ற பாகுபாடு கிடையாது. எதிரே இருப்பது கொழுப்போ, புரதமோ, டிஎன்ஏவோ, அதைத் தாக்கும். கல்லீரல் இரும்பைச் சேமிக்கும் உறுப்பு என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மிகுந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு கூடுகிறது, சர்க்கரை நோயின் பல பாதிப்புகளுக்கு அதுவே பொதுவான ஊற்று என்ற கருத்தை மைக்கேல் பிரவுன்லீ 2001இல் 'நேச்சர்' இதழில் விரிவாக முன்வைத்தார். இன்று இந்தத் துறையில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நெடுவழி எழுதியது:

நுண்நோக்கி ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஓர் ஐயம். பிரவுன்லீ குழுவின் அந்தச் சோதனைகள் இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் செய்யப்பட்டவை. கல்லீரல் வேறு வகை உறுப்பல்லவா? சர்க்கரையை வாங்குவதும் சேமிப்பதும் திருப்பித் தருவதுமே அதன் தொழில். கிளாடு பெர்னார்டு 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்ததே கல்லீரலிலிருந்துதான். காலங்காலமாகச் சர்க்கரையைக் கையாளப் பழகிய செல், சர்க்கரையாலேயே சாகும் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது.

நுண்நோக்கி எழுதியது:

மிக முக்கியமான கேள்வி, நெடுவழி. இதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் படம் தவறாகிவிடும்.

உடலில் குளுட்டதயோன் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் கல்லீரல் செல் ஒன்று. கேட்டலேஸும் அங்கே ஏராளம். எனவே மனித உடலில் சர்க்கரை உயர்வு மட்டும் தனியாக வந்து கல்லீரல் செல்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்வதில்லை. அது கொழுப்புடன் சேர்ந்து வரும்போதுதான் சேதம் பெருகுகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

எப்படி என்று பாருங்கள். இன்சுலினுக்குக் கல்லீரலில் இரண்டு முக்கிய வேலைகள்: சர்க்கரைத் தயாரிப்பை நிறுத்துவது, கொழுப்புத் தயாரிப்பைத் தூண்டுவது. இன்சுலின் எதிர்ப்பு வந்தவரின் கல்லீரல் முதல் கட்டளையைக் கேட்பதில்லை. இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே அது சர்க்கரையையும் வெளியே தள்ளுகிறது, கொழுப்பையும் உள்ளே சேர்க்கிறது. மிகுந்த குளுக்கோஸும் தன் பங்குக்குக் கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இதற்கு மேல், இன்சுலின் பேச்சைக் கேட்காத உடற்கொழுப்புத் திசு தன் கொழுப்பமிலங்களை இரத்தத்தில் அவிழ்த்து விடுகிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் தடம் காட்டும் அணுக்களைக் கொண்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலில் இருந்த கொழுப்பில் சுமார் 59 சதவீதம் உடற்கொழுப்பிலிருந்து வந்திருந்தது; 26 சதவீதம் கல்லீரலே புதிதாகத் தயாரித்தது; 15 சதவீதம்தான் நேரடியாக உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது. மலைத்தேன் கேட்ட "சர்க்கரையா, கொழுப்பா" என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். சர்க்கரையும் கொழுப்பும் ஒரே கோளாற்றின் இரு முகங்கள்.

இப்போது அந்தக் கொழுப்பமிலங்களும் எரிய மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தான் வருகின்றன. எலக்ட்ரான் தேக்கம் இரட்டிப்பாகிறது. அவற்றில் பல இரட்டைப் பிணைப்புகள் உள்ள கொழுப்பமிலங்களை ஹைட்ராக்சில் ரேடிக்கல் தொட்டால் ஒரு தொடர்வினை கிளம்பும். ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்து மூலக்கூறைக் கெடுக்கும். இதைக் கொழுப்புப் பெராக்சிடேற்றம் என்கிறோம். முடிவில் மேலோன்டையால்டிஹைடு, நான்கு-ஹைட்ராக்சிநோனினால் போன்ற ஆல்டிஹைடுகள் மிஞ்சுகின்றன. ரேடிக்கல்கள் பிறந்த இடத்திலேயே மறைந்துவிடும். இந்த ஆல்டிஹைடுகளோ நீண்ட நேரம் நிலைத்து, பிறந்த இடத்திலிருந்து விலகிச் சென்று புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவின் சொந்தப் புரதங்களே இப்படிச் சேதமாகும்போது அடுத்த சுற்றில் இன்னும் அதிக சூப்பர்ஆக்சைடு கசிகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தச் சேதம் கல்லீரல் முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. பெரியவர்களில் அது பெரும்பாலும் மையச் சிரையைச் சுற்றியுள்ள மூன்றாம் மண்டலத்தில்தான் தொடங்குகிறது. இரத்தம் அங்கே வந்து சேரும்போது ஆக்சிஜன் குறைந்திருக்கும். சைட்டோகுரோம் 2இ1 என்ற நொதி அங்கேதான் செறிந்திருக்கும். அதுவும் ரேடிக்கல்களைக் கசியவிடும் நொதி. அந்தப் பகுதியின் செல்கள் முதலில் கொழுப்புத் துளிகளால் நிறையும். பிறகு சில செல்கள் உப்பி, உருண்டு, உள்ளே வெளிறிப்போகும். உப்பிய அந்தச் செல் இன்னும் சாகவில்லை, ஆனால் நலமாகவும் இல்லை. அது வெளியிடும் சமிக்ஞைகளைக் கேட்டு அருகிலுள்ள ஸ்டெல்லேட் செல்கள் விழித்துக்கொண்டு, வடுவாக மாறும் கொலாஜன் நூலை விடத் தொடங்குகின்றன. மாணவர்களுக்கு அந்தச் சிலைடைக் காட்டும்போது நான் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான். கொழுப்புத் துளிகளைவிட, உப்பிய செல்லைச் சுற்றி ஓடும் மெல்லிய கொலாஜன் நூல்தான் நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்கிறது.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். சர்க்கரை மட்டுமே கல்லீரலைப் பாதிக்கும் ஒரு நிலையும் உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சர்க்கரை நீண்ட காலம் கட்டுப்பாடின்றி ஏறி இறங்கினால், செல்களில் கிளைக்கோஜன் அளவுக்கு மீறித் திணிக்கப்பட்டுக் கல்லீரல் வீங்கும். எஸ்.ஜி.பி.டி. நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரத்தையும் தாண்டும். பியர் மோரியாக் 1930இல் விவரித்த நோய்க்குறித் தொகுதியின் ஒரு கூறு இது. இதைக் கிளைக்கோஜன் கல்லீரல் நோய் என்று சொல்லலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், எண்கள் இவ்வளவு பயமுறுத்தினாலும், சர்க்கரையைச் சீராக்கினால் சில வாரங்களில் கல்லீரல் பழைய அளவுக்கு வந்துவிடும். வடு விழுவது அரிது. நெடுவழி சொன்னதுபோல் கல்லீரல் சர்க்கரையைத் தாங்கப் பழகிய உறுப்புதான். ஆனால் கொழுப்புடன் சேர்ந்து பல ஆண்டுகள் ஓசையின்றி நடக்கும் சேதத்தில் எண்கள் மிதமாக இருக்கும், வடுவோ வளர்ந்துகொண்டிருக்கும். பயமுறுத்தும் எண் திரும்பக்கூடிய நோயைக் காட்டுவதும், சாதாரணமாகத் தெரியும் எண் ஆபத்தான நோயை மறைப்பதும் இந்த உறுப்பில் நடக்கிறது.

மலைத்தேன் எழுதியது:

டாக்டர், கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. அண்ணனின் எஸ்.ஜி.பி.டி. 52தானே, கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்று ஆறுதலாக இருந்தோம். அப்படியானால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டுமா?

இரவுப்பணி எழுதியது:

உடனே வேண்டாம் அம்மா. முதலில் ஒரு கணக்குப் போடலாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள அறிக்கைகளே போதும்.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் அடிபட்டால் இரத்தத்தில் கசியும். அவை இன்றைய கசிவைச் சொல்கின்றன. இதுவரை விழுந்த வடுவைச் சொல்வதில்லை. வடுவை மதிப்பிட ஃபிப்-4 என்ற குறியீடு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டணுக்களின் எண்ணிக்கையை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.

உங்கள் அண்ணனின் தட்டணுக்கள் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்துக்காட்டுக்கு 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். 58 ஐ 44 ஆல் பெருக்கினால் 2552. 52இன் வர்க்கமூலம் 7.21; அதை 180ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1298. வகுத்தால் 1.97. குறியீடு 1.3க்குக் கீழே இருந்தால் கடும் வடு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் இருந்தால் கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். இடையில் இருந்தால் அடுத்த சோதனையான ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். அது கல்லீரலின் விறைப்பை அதிர்வலையால் அளக்கும், ஊசி கிடையாது. விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் நிம்மதி. வயது 65ஐத் தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதிலாக 2.0 என்ற கீழ் எல்லையைப் பயன்படுத்துகிறோம், இல்லாவிட்டால் வயதே குறியீட்டை ஏற்றிவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வயது 63, எஸ்.ஜி.ஓ.டி. 34, எஸ்.ஜி.பி.டி. 28, தட்டணுக்கள் 1,40,000. ஆய்வகத் தாளில் இரு நொதிகளும் இயல்பு எல்லைக்குள். ஆனால் ஃபிப்-4 போட்டால் 2.89. இப்படிப்பட்டவரிடம் "லிவர் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம் தரும் காரியம். சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருவருக்கும் கண், சிறுநீரகம், கால் பார்ப்பதைப்போல் இந்தக் கணக்கையும் போட வேண்டும். கணக்குக்குத் தனிச் செலவும் இல்லை.

"யாருக்குத்தான் இல்லை" என்று சொன்ன உறவினருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பது உண்மை. அதில் எல்லாருக்கும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுவதும் வடுவாகும் நிலை, வருவதில்லை என்பதும் உண்மை. யாருக்கு வரப்போகிறது என்பதைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும், பரவலாக இருப்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது.

இலைமறைகாய் எழுதியது:

இழையை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். தாவரச் சாறுகள் பற்றிய ஆய்வுகளை நீண்ட காலமாகத் தேடிப் படிப்பவன் நான். சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குத் தாவரச் சாறு கொடுத்தபோது மேலோன்டையால்டிஹைடு குறைந்தது, குளுட்டதயோன் கூடியது, கேட்டலேஸ் மீண்டது, கல்லீரல் திசு சீரானது என்று எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. வளர்ப்புத் தட்டில் வைத்த கல்லீரல் செல்களிலும் அதே முடிவு. பாதை புரிந்துவிட்டது, அதைத் தடுக்கும் பொருளும் கையில் இருக்கிறது. அப்படியிருக்க மக்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஏன்? ஏழைகளுக்கு எட்டும் தீர்வாக அது இருக்கலாம் அல்லவா?

நுண்நோக்கி எழுதியது:

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். அந்தக் கட்டுரைகள் பொய் என்று சொல்ல மாட்டேன். அவை எதைச் சோதித்தன என்று அருகில் போய்ப் பார்ப்போம்.

முதலில் எலி. அந்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கப் பயன்படுவது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து. அது கணையத்தின் பீட்டா செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏவைச் சிதைக்கிறது. எந்த வழியாக நுழைகிறது? குளூட்-2 வழியாக. நான் முதலில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கல்லீரல் செல்லின் கதவும் அதே குளூட்-2தான். ஆக, அந்த எலியின் கல்லீரலில் நாம் காணும் சேதத்தில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, நஞ்சின் நேரடிப் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அலாக்சான் கொடுத்த எலியில் இன்னும் மோசம். அலாக்சான் வேலை செய்வதே ஆக்சிஜன் ரேடிக்கல்களைப் பிறப்பித்துத்தான். ரேடிக்கல்களை உண்டாக்கும் நஞ்சைக் கொடுத்துவிட்டு, அவற்றை உறிஞ்சும் சாற்றையும் கொடுத்தால் பலன் தெரியத்தான் செய்யும். பல ஆண்டுகள் மெல்ல உருவான மனிதரின் கொழுப்புக் கல்லீரலுக்கு அதிலிருந்து தாவ முடியாது.

அடுத்து வளர்ப்புத் தட்டு. "உயர் குளுக்கோஸ்" என்று கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமோல். நம் அளவுக்கு மாற்ற 18ஆல் பெருக்குங்கள்: 450 முதல் 630 மி.கி. இரவும் பகலும் இறங்காமல் அந்த உயரத்திலேயே ஒரு மனிதர் இருந்தால் அவர் இருக்க வேண்டிய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. மேலும் அங்கே அதிகம் பயன்படும் ஹெப்ஜி2 என்பது கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல் வகை. அது குளுக்கோஸைக் கையாளும் விதம் இயல்பான கல்லீரல் செல்லைப் போன்றதல்ல. பல சோதனைகளில் சாற்றை முதலில் ஊற்றிவிட்டு அதன் பிறகுதான் சர்க்கரையை ஊற்றுகிறார்கள். நோயாளி வருவதோ சேதம் நடந்த பிறகு.

இன்னொன்றும் உண்டு. தட்டில் செல்லைச் சூழ்ந்து நிற்கும் சாற்றின் செறிவு, விழுங்கிய பொருள் குடலைத் தாண்டி, கல்லீரலில் மாற்றமடைந்து, இரத்தத்தில் சேரும் செறிவைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது வழக்கம். இந்த இடைவெளிகள் எல்லாவற்றையும் தாண்டி மனிதர்களில் வடு குறைந்ததைக் காட்டும் தாவரச் சாறு ஒன்று வந்தால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன். பாதை புரிந்ததும் மருந்து கிடைத்ததும் ஒன்றல்ல, இலைமறைகாய்.

இலைமறைகாய் எழுதியது:

நேர்மையான பதிலுக்கு நன்றி. ஸ்ட்ரெப்டோசோடோசின் பற்றி இந்தக் கோணத்தில் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் வைட்டமின் ஈ மனிதர்களிலேயே சோதிக்கப்பட்டுப் பலன் தந்ததே? அது ஆன்ட்டிஆக்சிடன்ட்தானே?

இரவுப்பணி எழுதியது:

ஆம், அதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. 2010இல் வெளியான பிவன்ஸ் ஆய்வு. கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள 247 பேர், 96 வாரங்கள், ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 800 அலகு வைட்டமின் ஈ. திசுச் சோதனையில் அப்பிரிவில் 43 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கு. ஆக்சிஜனேற்ற அழுத்தம் இந்த நோயில் உண்மையாகவே பங்கு வகிக்கிறது என்பதற்கு மனிதர்களில் கிடைத்த நல்ல சான்று இது.

ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை! நாம் பேசிக்கொண்டிருப்பது யாரைப் பற்றியோ, அவர்களே அதில் இல்லை. அழற்சியும் கொழுப்பும் குறைந்தனவே தவிர, வடு குறைந்ததாக உறுதியாகத் தெரியவில்லை. பின்னர் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் வைட்டமின் ஈ தனியாகத் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. நீண்ட காலம் எடுப்பதிலும் கவலை உண்டு. செலக்ட் என்ற பெரிய ஆய்வின் 2011ஆம் ஆண்டு முடிவில், நாள்தோறும் 400 அலகு எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. ஆகவே இது மருத்துவர் ஆளைப் பார்த்து, எடைபோட்டு எழுத வேண்டிய மருந்து. அலமாரியிலிருந்து எடுத்து வந்து அண்ணனுக்குக் கொடுப்பதற்குரியதல்ல.

மலைத்தேனுக்கு வந்த பட்டியலில் பச்சைத் தேயிலைச் சாறு காப்ஸ்யூலோ, மிளகுச் சாறு சேர்த்த குர்க்குமின் (மஞ்சளில் உள்ள பொருள்) காப்ஸ்யூலோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே சிலருக்குக் கடும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியிருப்பது மருத்துவப் பதிவுகளில் உள்ளது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அவர்கள் யார் என்று முன்கூட்டியே பார்ப்பதில்லை. கல்லீரலைக் காக்க வாங்கியது கல்லீரலையே தாக்கி, மஞ்சள் காமாலையோடு வருபவர்களை நான் வார்டில் பார்க்கிறேன். "இயற்கையானதுதானே டாக்டர்" என்று அவர்கள் கேட்கும்போது மனம் கனத்துப்போகும்.

மலைத்தேன் எழுதியது:

பட்டியலில் அந்த இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு பெயர், முழுக் கலவையும் எழுதப்படவே இல்லை. எதையும் வாங்கவில்லை, இனி வாங்கவும் மாட்டோம்.

நெடுவழி எழுதியது:

ரேடிக்கல்தான் குற்றவாளி என்றால் அதை உறிஞ்சும் பொருள் ஏன் பெரிதாக உதவவில்லை? எனக்கு இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

நுண்நோக்கி எழுதியது:

மூன்று காரணங்கள் எனக்கு வலுவாகத் தெரிகின்றன.

செல்லின் சொந்த நொதிகள் வினையூக்கிகள். மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்த சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் ஒரே மூலக்கூறு, தான் தீராமல், ஒரு நொடியில் எண்ணற்ற ரேடிக்கல்களைத் தீர்க்கும். விழுங்கும் வைட்டமினின் ஒரு மூலக்கூறு ஒன்றிரண்டைத் தீர்த்துத் தானும் தீர்ந்துபோகும். எரிபொருள் வெள்ளம் நிற்காதவரை அது ஈடுகொடுக்க முடியாது.

அடுத்து, இந்த ஆக்சிஜன் வகைகள் எல்லாமே பகையல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடு சிறு அளவில் செல்லுக்குள் செய்தி கொண்டுசெல்லும் மூலக்கூறு. ஹெல்முட் சீஸ் 1985இல் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை வரையறுத்தார். பின்னாளில் அவரே நன்மை தரும் அழுத்தம், தீமை தரும் அழுத்தம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார். உடற்பயிற்சி செய்யும்போது தசையில் எழும் சிறு அழுத்தம்தான் செல்லின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்புகிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி செய்த இளைஞர்களில் வைட்டமின் சி 1000 மி.கி.யும் ஈ 400 அலகும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் உணர்திறன் மேம்பாடு கிடைக்கவில்லை. மாத்திரை அந்தச் செய்தியை அழித்துவிட்டது.

கடைசியாக, சரியான பொருள் சரியான இடத்துக்குப் போனால் பலன் உண்டு என்பதற்கும் கல்லீரலிலேயே சான்று இருக்கிறது. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் அதன் நச்சுச் சிதைபொருள் குளுட்டதயோனைத் தீர்த்துவிடுகிறது. அப்போது என்-அசிட்டைல் சிஸ்டீன் ஏற்றுவது உயிரைக் காக்கிறது, ஏனென்றால் அது குளுட்டதயோனைக் கட்டத் தேவையான சிஸ்டீனையே கொடுக்கிறது. அங்கே நஞ்சு ஒருமுறை வந்து நின்றுவிட்டது. சர்க்கரை நோயிலோ ஊற்று நாள்தோறும் ஓடுகிறது. அதனால்தான் ஊற்றைக் குறைப்பது பற்றிப் பேசுங்கள் என்கிறேன்.

சாரல் எழுதியது:

நானும் ஒன்று கேட்கலாமா? எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். நான் ஒல்லியானவள், எனக்கும் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் இருக்கின்றன. நான் எதைக் குறைப்பது?

இரவுப்பணி எழுதியது:

நெடுவழிக்கும் சாரலுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஊற்றைக் குறைப்பதில் இதுவரை வலுவான சான்று எடைக் குறைப்புக்குத்தான். 2015இல் வெளியான ஆய்வில் 293 பேரை 52 வாரங்கள் பின்தொடர்ந்தார்கள். உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி நோய் நீங்கியது. 45 சதவீதத்தினருக்கு வடுவே பின்வாங்கியது. எந்த ஆன்ட்டிஆக்சிடன்டும் இதன் அருகில் வரவில்லை. 100 கிலோ உள்ளவர் 90க்கு வர வேண்டும். எளிதல்ல, பலரால் அந்த அளவை எட்ட முடிவதில்லை என்பதும் உண்மை. 5 சதவீதம் குறைத்தாலும் கல்லீரல் கொழுப்பு கணிசமாகக் கரையும்.

சாரல், ஒல்லியாக இருப்பவர்களுக்கும் தொப்பைக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு இருக்கலாம். அவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கல்லீரல் கொழுப்பு நீங்குகிறது. தசையை இழக்காமல் குறைக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தசைப் பயிற்சி மிக முக்கியம். எடை சிறிதும் மாறாவிட்டாலும் உடற்பயிற்சி தனியாகவே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். இனிப்பூட்டிய பானங்களை அடியோடு நிறுத்துங்கள். அவற்றின் ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே வந்து கொழுப்பாகிறது.

மருந்துகள்: மெட்ஃபார்மின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் கல்லீரல் திசுவை அது திருத்துவதில்லை; அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். பையோகிளிட்டசோன் அழற்சியைக் குறைக்கும், ஆனால் எடை கூட்டும், நீர் கோத்துக்கொள்ளும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிதமானது முதல் கடுமையான வடு உள்ளவர்களுக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோமையும், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடையும் ஏற்றுக்கொண்டது. சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு அந்த ஒப்புதல் இல்லை. வடுவை முன்பே கண்டுபிடியுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைத்தேன் எழுதியது:

இன்று அண்ணனின் பழைய தாள்களைத் தேடி எடுத்தேன். தட்டணுக்கள் 1,52,000. நீங்கள் சொன்னபடி கணக்குப் போட்டால் 2.33 வருகிறது. ஃபைப்ரோஸ்கேன் எழுதித் தரச் சொல்லி அவருடைய மருத்துவரிடம் கேட்கப் போகிறோம். சர்க்கரையையும் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக இறக்கிவிட வேண்டும் என்று அண்ணன் உறுதியாக இருக்கிறார். போகும்போது வேறு எதைக் கேட்க வேண்டும்?

இரவுப்பணி எழுதியது:

கணக்கு சரிதான். இடைப்பட்ட எல்லையில் மேல்பக்கம் இருக்கிறார். ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் விறைப்பு கூடுதலாகக் காட்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கொழுப்பு இருப்பதால் வைரஸ் இல்லை என்று ஆகாது. உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கலாம்.

அவசரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 9.2இல் இருக்கும் ஹெச்பிஏ1சி மிக வேகமாக இறங்கினால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்கு அது தற்காலிகமாக மோசமாகலாம். குறிப்பாக இன்சுலினோ செமாகுளுடைடோ தொடங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே மருந்தை மாற்றுவதற்கு முன் கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை முடித்துவிட்டு, அந்த அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.